மாட் ஆர்கனைசர் 2, கூடவே ஸ்கைரிம் கன்சோல்: ரெண்டையும் சேர்த்து யூஸ் பண்ணின அனுபவம்

ஸ்கைரிம் கேம்ல ரிவர்வுட் கிராமத்துல ஒரு வீட்டோட கூரையப் பொளந்துக்கிட்டு ஒரு பைன் மரம் நிக்குது. அடிமரம் கரெக்டா வாசப்படி மேல. அந்த வீட்டுல இருக்குற ஆளு சாயங்காலமானா வீட்டுக்குப் போகணும்னு வர்றாரு, மரத்துல முட்டுறாரு, ஒதுங்குறாரு, மறுபடி முட்டுறாரு, விடிய விடிய அதே வேலைதான். அப்போ என்கிட்ட எண்பது சொச்சம் மாட் (கேமை மாத்துறதுக்கு ஆட்கள் செஞ்சு தர்ற கூடுதல் ஃபைல்கள்) ஓடிட்டு இருந்துச்சு, அதுல எது இந்த மரத்தைக் கொண்டு வந்து இங்க நட்டுச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல.

கன்சோலை, அதாவது கேமுக்குள்ளயே கமாண்ட் அடிக்கிற இடத்தை, திறந்து மரத்தை மவுஸால க்ளிக் பண்ணினேன். ஸ்க்ரீன்ல எட்டு இலக்க ஐடி ஒண்ணு வந்துச்சு, முதல் ரெண்டு இலக்கம் 17. அப்புறம் வீட்டுச் சுவத்தை க்ளிக் பண்ணினேன், அது 23ல ஆரம்பிச்சுச்சு. கேமை விட்டு வெளிய வந்து மாட்களைப் போடவும் எடுக்கவும் உதவுற மாட் ஆர்கனைசர் 2ல வலது பக்கம் மாட் இண்டெக்ஸ்னு மேலிருந்து கீழா ஒரு வரிசை இருக்கும் பாருங்க, அதுல 17 எதுன்னு பார்த்தா மரம் செடி கொடி எல்லாம் அதிகமாக்குற மாட், 23 எதுன்னு பார்த்தா கிராமத்துல புது வீடுகள் சேர்க்குற மாட். ரெண்டு பேருமே அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் பண்ணியிருக்காங்க, ஒருத்தர் மரம் வச்ச இடத்துல இன்னொருத்தர் வீடு கட்டிட்டாரு, அவ்ளோதான். மாட் பேஜ்ல போய்ப் பார்த்தா ரெண்டுக்கும் நடுவுல ஒத்துப்போக வைக்கிற பேட்ச் ஃபைல் ரெடியா இருந்துச்சு. அதை இறக்கி ரெண்டுக்கும் கீழ வச்சேன், மரம் போச்சு, அந்த ஆளு வீட்டுக்குள்ள போய்த் தூங்கிட்டாரு.

இந்த ரிவ்யூல நான் சொல்ல வர்றது இதுதான். மாட் ஆர்கனைசர் 2 தனியாவே நல்ல சாஃப்ட்வேர். கன்சோலை நிறைய பேரு சீட் கோட் அடிக்கிற இடமா மட்டும்தான் பார்க்குறாங்க. ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யூஸ் பண்ணினீங்கன்னா உங்க கேமுக்குள்ள கண்ணுல படுற ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மாடிங் பண்றவங்களுக்கு அதைவிட பெரிய நிம்மதி கிடையாது.

முதல்ல கன்சோல். ஸ்கைரிம்ல பிசி வெர்ஷனா இருந்தா எதையும் எனேபிள் பண்ணவே வேணாம், ரெடியாவே இருக்கு, எஸ்கேப் கீக்குக் கீழ 1க்கு இடது பக்கம் இருக்குற டில்டா கீயை அழுத்தினா கேம் அப்படியே நின்னு கீழ எழுதுற இடம் வந்துடும். சில கீபோர்டு லேஅவுட்ல அந்தக் கீ வேலை செய்யாது, அப்போ விண்டோஸ்ல யுஎஸ் இங்கிலீஷ் லேஅவுட்டுக்கு மாத்திட்டு ட்ரை பண்ணுங்க. எல்லா கேமும் இவ்ளோ ஈசி கிடையாது. வால்ஹைம்ல ஸ்டீம் லாஞ்ச் ஆப்ஷன்ல ஒரு கோடு போட்டு கன்சோல்னு எழுதணும், அப்புறம்தான் எஃப்5 அழுத்தினா வரும். விட்சர் 3ல ஒரு ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) ஃபைலைத் திறந்து கைல ஒரு வரி சேர்க்கணும். சைபர்பங்க்ல கன்சோலுக்கே தனியா மாட் போடணும். அந்த வகைல ஸ்கைரிம் பண்ணின பெதஸ்டாவோட கேம் எல்லாம் நமக்கு வசதி, கதவைத் திறந்தே வச்சிருக்காங்க.

கமாண்ட் நூத்துக்கணக்குல இருக்கு, நான் தினமும் அடிக்கிறது ஒரு அஞ்சாறுதான். டிஜிஎம் அடிச்சா அடி படாது, ட்ராகன் பக்கத்துல நின்னுக்கிட்டே ஒரு மாட் சரியா இருக்கான்னு நிதானமா பார்க்கலாம். டிசிஎல் அடிச்சா சுவர் தரை எதுவும் தடுக்காது, மலைக்குள்ள மாட்டிக்கிட்டா வெளிய வர அதுதான் வழி. டிஎஃப்சி கேமராவை மட்டும் கழட்டி விட்டுடும், மேல பறந்து போய் ஊரு முழுக்க எங்கயாவது தரைக்கு மேல வீடு தொங்குதான்னு பார்க்குறதுக்கு அதுதான். அப்புறம் டிசேபிள், எனேபிள். ஒரு பொருளை க்ளிக் பண்ணிட்டு டிசேபிள் அடிச்சா அது மறைஞ்சிடும், எனேபிள் அடிச்சா திரும்ப வந்துடும். ரெண்டு பொருள் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா க்ளிக் தப்பா விழும், அப்போ மவுஸ் வீலை உருட்டினா பின்னாடி இருக்குறது செலக்ட் ஆகும், இது தெரியாம நான் ரொம்ப நாள் மூடுபனியை க்ளிக் பண்ணிட்டே இருந்தேன். மார்க்ஃபார்டிலீட்னு இன்னொண்ணு இருக்கு, அது மறைக்காது, அழிச்சே போட்டுடும், அது பக்கமே போகாதீங்க, டிசேபிள் போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சிஓசி. மெயின் மெனு வந்த உடனே, எந்த சேவ் ஃபைலையும் லோட் பண்ணாம, கன்சோலைத் திறந்து சிஓசி ரிவர்வுட்னு அடிச்சீங்கன்னா நேரா அந்த ஊர்ல இறங்கிடுவீங்க. ஆரம்பத்துல வர்ற குதிரை வண்டிப் பயணம் எதுவும் பார்க்க வேணாம். புது மாட் போட்டா நான் முதல்ல பண்றது இதுதான், உள்ள இறங்கி, சுத்திப் பார்த்து, க்ராஷ் ஆகுதா, டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) எங்கயாவது ஊதா கலர்ல தெரியுதான்னு பார்த்துட்டு வெளிய வந்துடுவேன். ஊதா தெரிஞ்சா டெக்ஸ்ச்சர் ஃபைலைக் காணோம்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, இப்படி இறங்கின கேரக்டரை வச்சு சேவ் பண்ணி விளையாட்டைத் தொடரக்கூடாது, கதையோட ஆரம்பமே நடக்காம உள்ள போயிருக்கோம், குவெஸ்ட் எல்லாம் அரைகுறையாத்தான் இருக்கும். டெஸ்ட்டுக்கு மட்டும்.

இதையும் ஒரே அடில பண்ணலாம். கேம் ஃபோல்டர்ல, அதாவது கேமோட எக்ஸி ஃபைல் இருக்குற இடத்துல, ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வச்சு அதுல வரிக்கு ஒரு கமாண்டா எழுதிக்கலாம். என்னோட ஃபைல் பேரு டெஸ்ட். அதுல காட் மோட் (அந்த டிஜிஎம்தான்) ஒரு வரி, சுமை தூக்குற அளவை 5000 ஆக்குறது ஒரு வரி, பிளேயர் டாட் ஆட்ஐட்டம் எஃப் 10000னு காசுக்கு ஒரு வரி (தங்கத்தோட ஐடி வெறும் எஃப்தான், முன்னாடி எல்லாம் பூஜ்யம்). கன்சோல்ல பேட் டெஸ்ட்னு அடிச்சா எல்லாம் வரிசையா ஓடிடும். அந்த ஃபைலை மாட் ஆர்கனைசர் வழியா மாடா போட முடியாது, நிஜ கேம் ஃபோல்டர்லயே வைக்கணும், ஏன்னு இப்போ சொல்றேன்.

இதுக்கு முன்னாடி நான் எல்லாத்தையும் கைலதான் போட்டுட்டு இருந்தேன். ஜிப்பை இறக்குறது, பிரிக்கிறது, கேமோட டேட்டா ஃபோல்டர்ல கொட்டுறது, ஓவர்ரைட் பண்ணவான்னு விண்டோஸ் கேட்டா எஸ்ஸு. பத்து மாட் வரைக்கும் எந்தப் பிரச்சனையும் இல்ல. ஒரு நாள் முகத்தோட தோலை மாத்துற மாட் ஒண்ணு போட்டேன், ஊர்ல எல்லாருக்கும் கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி கலர் மாறிடுச்சு. சரி எடுத்துடலாம்னு பார்த்தா எந்த ஃபைல் எதுக்குச் சொந்தம்னே தெரியல, பழைய ஃபைல் மேல புது ஃபைல் எழுதியாச்சு, பழசு போனது போனதுதான். ரெண்டு நாள் தேடிட்டு முழு கேமையும் அழிச்சுட்டு திரும்ப இறக்கினேன். நாப்பது மணி நேரம் ஆடின சேவ், அதுல இருந்த மாட் எல்லாம் எந்த வெர்ஷன்னு நான் எழுதி வைக்கல, அதனால அந்த சேவ் ஃபைலை நான் திரும்பத் திறக்கவே இல்ல. அந்தக் கேரக்டரை இன்னும் நெனச்சுப்பேன்.

மாட் ஆர்கனைசர் 2 அந்த நிலைமையையே வரவிடாது, அதுதான் அதோட உயிர். அது உங்க டேட்டா ஃபோல்டரைத் தொடவே தொடாது. ஒவ்வொரு மாடும் தனித்தனி ஃபோல்டர்ல இருக்கும், நீங்க ரன் பட்டன் அழுத்தி கேமைத் திறக்குற நேரத்துல மட்டும் எல்லாம் ஒரே டேட்டா ஃபோல்டர்ல இருக்குற மாதிரி கேமுக்குக் காட்டும். கேமை மூடின உடனே அந்தக் காட்சி கலைஞ்சிடும். டேட்டா ஃபோல்டரைத் திறந்து பாருங்க, இன்ஸ்டால் பண்ணின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். இப்போ அந்த டெக்ஸ்ட் ஃபைல் விஷயம் புரிஞ்சிருக்கும், இந்த வித்தை டேட்டா ஃபோல்டருக்குத்தான், அதுக்கு வெளிய இருக்குற இடத்துக்கு இல்ல. ஒரு மாட் வேணாமா, டிக்கை எடுத்தா போதும், அது கேமுக்குத் தெரியாது.

விண்டோ ரெண்டு பாதியா இருக்கும், புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புற இடம் இது. இடது பக்கம் இருக்குறது ஃபைல்களோட சண்டை: ஒரே டெக்ஸ்ச்சரை ரெண்டு மாட் கொண்டு வந்தா லிஸ்ட்ல கீழ இருக்குறது ஜெயிக்கும். வலது பக்கம் இருக்குறது ப்ளகின்களோட வரிசை, அதாவது எதை எங்க வைக்கணும், எப்படி மாத்தணும்னு கேமுக்குச் சொல்ற இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல் ஃபைல்கள், அங்கயும் கீழ இருக்குறதுதான் கடைசி வார்த்தை. இடது பக்கத்துல மின்னல் மாதிரி ஒரு சின்ன ஐகான் வரும், பச்சை ப்ளஸ் இருந்தா இந்த மாட் வேற ஏதோ ஒண்ணை அமுக்குது, சிவப்பு மைனஸ் இருந்தா இது அமுங்குது. அந்த மாடை ஒரு தடவை க்ளிக் பண்ணினா யாரை அமுக்குது, யாருகிட்ட அமுங்குதுன்னு லிஸ்ட்டே கலர் மாத்திக் காட்டும். கழுத்துக் கோடு பிரச்சனை எனக்கு அன்னைக்கு ரெண்டு நாள் ஆச்சு, இன்னைக்கு வந்தா மாடைப் பிடிச்சு ரெண்டு இடம் கீழ இழுத்து விட்டா முடிஞ்சுது.

வலது பக்க வரிசையை நீங்களே யோசிச்சு போட வேணாம், வரிசைப்படுத்துற சார்ட் பட்டன் இருக்கு, லூட் அப்படிங்குற டூலோட விதிகளை வச்சு அடுக்கிக் கொடுத்துடும். பெரும்பாலும் சரியா வரும், ஆனா பேட்ச் ஃபைல் எல்லாம் அது எந்த மாட்களுக்காகச் செஞ்சதோ அதுங்களுக்குக் கீழ இருக்கான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துக்கோங்க.

கன்சோல் ஐடி பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ஆரம்பத்துல சொன்ன வித்தை இதுலதான் இருக்கு. அந்த எண் பதினாறடிமானத்துல வரும், 9க்கு அப்புறம் ஏ, பி, சின்னு எஃப் வரைக்கும் போயிட்டுதான் 10 வரும். 00 ஒரிஜினல் ஸ்கைரிம், 01 அப்டேட், 02 டான்கார்ட், 03 ஹார்த்ஃபயர்ஸ், 04 ட்ராகன்பார்ன். கடைசி மூணும் கேமோட கூடுதல் பாகங்கள். அதுக்கு மேல வர்றது பெரும்பாலும் நீங்க சேர்த்தது. முழு சைஸ் ப்ளகின் 254 வரைக்கும் போடலாம். எஃப்இன்னு ஆரம்பிச்சா அது இஎஸ்எல் வகை லைட் ப்ளகின், அவங்க எல்லாரும் அந்த ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்குறாங்க, 4096 வரைக்கும் இடம் இருக்கு, அப்போ முதல் ரெண்டு எழுத்து பத்தாது, அடுத்த மூணையும் சேர்த்துப் பார்க்கணும். எஃப்எஃப்ல ஆரம்பிச்சா அது எந்த மாட் ஃபைல்லயும் இல்ல, கேம் ஓடுறப்போ உருவானது.

இதுல ஒரு குறை இருக்கு, நேர்மையா சொல்லிடறேன். அந்த எண் ஒரு பொருளை முதல்ல யாரு கொண்டு வந்தாங்கன்னுதான் சொல்லும், கடைசியா யாரு மாத்தினாங்கன்னு சொல்லாது. வைட்ரன் ஊர்ல ஒரிஜினலா இருக்குற ஒரு கதவை ஏதோ ஒரு மாட் நகர்த்தி வச்சிருந்தா கன்சோல் 00னுதான் காட்டும். அதுக்கு எஸ்எஸ்இஎடிட்ங்குற, ப்ளகின்களைத் திறந்து பார்க்குற டூல்ல லோட் பண்ணி அந்த ஐடியைத் தேடினா எந்தெந்த ப்ளகின் அதைத் தொட்டிருக்குன்னு வரிசையா கட்டம் போட்டுக் காட்டும். அந்த டூலையும் மாட் ஆர்கனைசருக்குள்ள இருந்துதான் ஓட்டணும், தனியா ஓட்டினா மாட் எதுவும் அதோட கண்ணுக்குத் தெரியாது.

இது எல்லாருக்கும் வர்ற முதல் குழப்பமும் கூட. ஸ்டீம்ல போய் ப்ளே அழுத்துவாங்க, கேம் வெறுமனே ஒரிஜினலா திறக்கும், மாட் எதுவும் வேலை செய்யலன்னு கோவப்படுவாங்க. மேல வலது பக்கம் இருக்குற லிஸ்ட்ல எஸ்கேஎஸ்இ செலக்ட் பண்ணி ரன் அழுத்தணும். எஸ்கேஎஸ்இங்குறது ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டர், அதாவது மாட்களோட ஸ்க்ரிப்ட்டுக்குக் கூடுதல் வசதி கொடுக்குறது, பாதி நல்ல மாட்களுக்கு அது கட்டாயம், மெனுவை மாத்துற ஸ்கையூஐ உட்பட. அதோட லோடரையும் டிஎல்எல் (கேமோட சேர்ந்து ஓடுற கோட்) ஃபைலையும் மட்டும் நிஜ கேம் ஃபோல்டர்ல வைக்கணும், ஸ்க்ரிப்ட் பகுதியை மாடா போட்டுக்கலாம். சரியா ஏறுச்சான்னு பார்க்குறதுக்கும் கன்சோல்தான்: கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன்னு அடிச்சா நம்பர் வரும். வரலன்னா ஏறல, வேற எங்கயும் தேட வேணாம்.

எஸ்கேஎஸ்இ வெர்ஷனும் கேம் வெர்ஷனும் ஒத்துப் போகணும், இது ரொம்ப முக்கியம். 2021 நவம்பர் 11 அன்னைக்கு ஆனிவர்சரி அப்டேட் வந்தப்போ 1.5.97ல இருந்து 1.6க்கு மாறுச்சு, டிஎல்எல் வச்ச மாட் எல்லாம் ஒரே ராத்திரியில படுத்துடுச்சு. 2023 டிசம்பர்ல 1.6.1130 வந்தப்போ மறுபடியும் அதே கதை. அதனால ஸ்டீம்ல கேமோட ப்ராப்பர்ட்டீஸ்ல போய் அப்டேட்டை லாஞ்ச் பண்றப்போ மட்டும்னு மாத்தி வச்சுடுங்க. மாட் இறக்குறப்போ அது எந்த கேம் வெர்ஷனுக்குன்னு ஒரு வரி எழுதியிருப்பாங்க, அந்த வரியைப் படிக்காம இறக்காதீங்க. இன்னொண்ணு, ஸ்கைரிமோட ஸ்பெஷல் எடிஷன்ல மாட் ஆன் பண்ணினா அச்சீவ்மெண்ட் நின்னுடும், அது முக்கியம்னு நினைக்கிறவங்க அதைத் திரும்ப ஆன் பண்ற மாட் ஒண்ணும் சேர்த்துப் போட்டுக்கணும்.

ப்ரொஃபைல் வசதியைச் சொல்லாம விட்டா பாவம். ஒரே மாட் குவியலை வச்சு வேற வேற லிஸ்ட் வச்சுக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தனி சேவ், தனி ஐஎன்ஐ. நான் ஆடுறதுக்கு ஒண்ணு, டெஸ்ட் பண்றதுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். டெஸ்ட் ப்ரொஃபைல்ல என்ன அட்டகாசம் பண்ணினாலும் ஆடுற ப்ரொஃபைல்ல ஒரு துரும்பும் அசையாது. க்ராஷ் வந்தா அதுல பாதி மாடை அணைச்சுட்டு சிஓசி, மறுபடி க்ராஷ்னா மிச்சத்துல பாதி, இப்படி ஏழெட்டு தடவைல குற்றவாளி கைல வந்துடுவான்.

கஷ்டமான பக்கமும் இருக்கு. முதல் நாள் யாருக்கும் இது புரியாது, இடது வலதுன்னு ரெண்டு வரிசை, ஓவர்ரைட்னு கடைசில ஒரு ஃபோல்டர், அதுல டூல்கள் உருவாக்குற ஃபைல் எல்லாம் போய் விழுந்துட்டே இருக்கும், அதை அப்பப்போ எடுத்து தனி மாடா மாத்தி வைக்கணும், இல்லன்னா அது எல்லா மாடையும் அமுக்கிட்டு ஏன் ஒண்ணும் மாற மாட்டேங்குதுன்னு மண்டையைப் பிச்சுக்க வைக்கும். விண்டோஸ்க்கு மட்டும்தான் நேரா வேலை செய்யும், லினக்ஸ்ல சுத்தி வளைச்சுத்தான் ஓட்டணும். ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள வச்சா பர்மிஷன் தொல்லை, கேம் ஃபோல்டருக்குள்ளயும் வைக்கக்கூடாது, ட்ரைவ்ல நேரா ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வச்சுடுங்க. மாட் இறக்குற சைட்டான நெக்ஸஸ்ல ஃப்ரீ அக்கவுண்ட்டா இருந்தா ஒவ்வொரு மாடுக்கும் பேஜ் திறந்து பட்டன் அழுத்தி அழுத்தித்தான் இறக்கணும், நூறு மாட்னா நூறு தடவை.

நெக்ஸஸோட சொந்த மாட் டூல் வோர்டெக்ஸ் எப்படின்னு கேப்பீங்க. அது நல்ல டூல், நிறைய கேமை ஒரே இடத்துல பார்த்துக்கும், மாட் ஆர்கனைசரை முதல்ல எழுதினவரே அப்புறம் நெக்ஸஸ்ல சேர்ந்து வோர்டெக்ஸையும் உருவாக்கினாரு. ஆனா அது ஹார்ட்லிங்க் போட்டு (ஒரே ஃபைலை ரெண்டு இடத்துல இருக்குற மாதிரி வைக்கிறது) ஃபைல்களைக் கேம் ஃபோல்டர்லயே கொண்டு வந்து வைக்கும். சண்டை வந்தா எது எதுக்கு அப்புறம்னு விதி எழுதிக் கேக்கும், வரிசையைக் கையால இழுக்க முடியாது. பத்து இருபது மாட் போட்டுட்டு ஆட்டத்தைப் பார்க்கப் போறவங்களுக்கு அது போதும், சீக்கிரம் முடியும். நூறைத் தாண்டுறவங்க, ஃபைல் ஃபைலா என்ன நடக்குதுன்னு பார்க்க ஆசைப்படுறவங்க மாட் ஆர்கனைசருக்கு வாங்க. இலவசம், ஓபன் சோர்ஸ், ஆட்கள் சும்மா வந்து உழைச்சு வருஷக்கணக்கா இதை உயிரோட வச்சிருக்காங்க, அவங்களுக்கு மனசார நன்றி.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். டிக் எடுத்தா மாட் போயிடும்னு சொன்னேன்ல, அது ஃபோல்டர் அளவுல உண்மை, சேவ் அளவுல உண்மை இல்ல. ஸ்க்ரிப்ட் இருக்குற மாட் சேவுக்குள்ள போய் ஒட்டிக்கும், பாதி ஆட்டத்துல அதைக் கழட்டினா சேவ் மெதுவா கெட்டுப் போகும், உடனே தெரியாது, பத்து மணி நேரம் கழிச்சுத் தெரியும். டெக்ஸ்ச்சர் மாட்னா தைரியமா கழட்டுங்க, ஸ்க்ரிப்ட் மாட்னா அந்தக் கேரக்டர் முடியுற வரைக்கும் விட்டுடுங்க.

அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை முதல் நாள் குழப்பத்துக்கு. இப்போ என் லிஸ்ட் இருநூத்தைத் தாண்டிடுச்சு. நேத்து வைட்ரன் வாசல்ல ஒரு பாறை தரைக்கு ஒரு அடி மேல மிதந்துச்சு, டில்டா அழுத்தி க்ளிக் பண்ணினேன், 3ல ஆரம்பிச்சு அடுத்து ஒரு டி. இன்னைக்கு ராத்திரி அந்த மாடோட பேஜ்ல பேட்ச் இருக்கான்னு பார்க்கப் போறேன்.